இருபத்திரண்டு குப்பிகள்

மாதத்தின் இருபத்தைந்தாம் திகதிக்குள் ஐந்து படிவங்கள் என் மேசைக்கு வந்துவிட வேண்டும். மருந்துகளை இலவசமாகக் கொடுக்கும் ஓர் அறக்கட்டளையின் நடுக் களஞ்சியத்தில், யாழ்ப்பாண நகரத்தில், நான் வேலை செய்கிறேன். கொழும்பிலிருந்து வரும் மருந்து முதலில் எங்களிடம் இறங்கும். எங்களிடமிருந்து ஐந்து கிளைக் களஞ்சியங்களுக்குப் போகும். குடாநாட்டில் நான்கு, தீவில் ஒன்று. அடுத்த மாதம் எந்தக் களஞ்சியத்துக்கு எந்த மருந்தில் எத்தனை என்று பிரித்து எழுதுவது என் வேலை. பொறுப்பாளர் பார்த்து ஒப்பமிடுவார். முதலாம் திகதி வாகனம் புறப்படும். தீவுக்குரிய பெட்டி மட்டும் இறங்குதுறையில் படகுக்கு மாறும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை மாமியிடம் விளங்கப்படுத்தியபோது, "பந்தியிலை சோறு போடுற மாதிரியெண்டு சொல்லு" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பந்தியில் இலைக்கு முன்னால் இருப்பவரின் முகம் தெரியும். எனக்கு முன்னால் இருப்பது படிவம்.

படிவத்தில் யாரும் உண்மையான தேவையை எழுதுவதில்லை என்பதை இரண்டு மூன்று மாதங்களிலேயே தெரிந்துகொண்டேன். நாற்பது தேவைப்படுகிறவர் அறுபது என்று எழுதுவார். நாங்கள் வெட்டுவோம் என்று அவருக்குத் தெரியும். அவர் கூட்டித்தான் எழுதியிருப்பார் என்று எங்களுக்குத் தெரியும். வடமராட்சிப் பக்கக் களஞ்சியத்தைப் பார்க்கும் அண்ணை இதை ஒளிப்பதேயில்லை.

"தங்கச்சி, உங்களிட்டைக் கத்தரிக்கோல் இருக்கெண்டு தெரிஞ்சுதானே நாங்கள் துணியை நீட்டிப் பிடிக்கிறம்" என்று போனில் சிரிப்பார். "வெட்டுங்கோ. ஒரு சட்டை தைக்கிற அளவுக்காவது விட்டு வெட்டுங்கோ."

"இந்த மாசம் சட்டை இல்லை அண்ணை. லேஞ்சிதான்."

"லேஞ்சியோ? நல்லது, மூக்கையாவது துடைப்பம்."

தீவுக் களஞ்சியத்தைப் பார்ப்பவர் இந்த விளையாட்டுக்கு வருவதில்லை. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர். அவரையும் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைப் பிள்ளை என்பார். இன்சுலின் முப்பது குப்பி என்று எழுதினால் முப்பதுதான் தேவை. படிவத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் யார் யாருக்கு எத்தனை என்று எழுதியிருப்பார். காலாவதித் திகதி நெருங்கும் மருந்து அவரிடம் மிஞ்சினால், வீணாகுமுன் வேறு யாருக்காவது உதவட்டும் என்று வெறும் பெட்டி திரும்பும்போது அதற்குள் வைத்து அனுப்பிவிடுவார். அதனால் அவருடைய எண்ணில் நான் கைவைப்பதில்லை. அப்படிச் செய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் அதைப் பற்றிக் கதைத்ததும் இல்லை.

பெட்டி போய்ச் சேர்ந்ததும் போன் எடுப்பார். "பிள்ளை, பெட்டி வந்திட்டுது. ஐஸ் உருகேல்லை." பிறகு என் மகளைப் பற்றிக் கேட்பார். நான் "உங்கடை சின்ன ஆள் எப்பிடி?" என்று கேட்பேன்.

சின்ன ஆள் என்பது அங்கே உள்ள பதினொரு வயதுப் பெண்பிள்ளை. ஆறு வயதில் அவளுக்குச் சலரோகம் வந்தது. தகப்பன் கடற்றொழில் செய்பவர். முப்பது குப்பிகளில் இரண்டு அவளுடையவை. தெளிந்த மருந்து ஒன்று, கலங்கிய மருந்து ஒன்று. இன்சுலின் இல்லாமல் மற்ற நோயாளிகள் சில நாட்களாவது தாக்குப்பிடிப்பார்கள். அவளால் முடியாது. வருத்தம் முதலில் எப்படித் தெரிந்தது என்று ஒருமுறை கேட்டேன். "ஓயாமல் தண்ணி கேட்டவளாம். அதுதான் முதல் குறி" என்றார். அன்றிலிருந்து என் மகள் ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டாவது தடவை தண்ணீர் கேட்டால் என் நெஞ்சு இடிக்கத் தொடங்கிவிடும். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. கணவருக்கு வவுனியாவில் வேலை. வார இறுதியில்தான் வருவார். அதனால் பயப்படுவதெல்லாம் என் பங்கு. மருந்துக் களஞ்சியத்தில் வேலை செய்பவளுக்கு என்னென்ன நோய் இருக்கிறது என்பது கூடுதலாகத் தெரியும். அது பெரிய தொல்லை.

டீசலுக்கு நாடே வரிசையில் நின்ற காலம் அது. ஒரு மாதம் தீவுக்குப் படகு ஒழுங்காக ஓடவில்லை. எங்கள் பெட்டி இறங்குதுறை வரை போய், ஐஸ் உருகித் திரும்பி வந்தது. தீவு அண்ணையிடம் கையிருப்பாக ஆறு குப்பிகள் மட்டும் இருந்தன. இரண்டை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு நான்கை மிகவும் கடுமையாக இருந்தவர்களுக்குக் கொடுத்தார். மற்றவர்களில் சிலர் மீன்பிடி வள்ளங்களில் ஏறி வந்து, நகரத்தில் உறவினர் வீடுகளில் தங்கி, எங்கள் களஞ்சியத்திலேயே மருந்து எடுத்தார்கள். அது நகரத்தின் கணக்கில் பதிவானது. தீவின் கணக்கில் அந்த மாதம் வழங்கியது ஆறு.

அதே நேரத்தில் கொழும்பிலிருந்து வழமையாக வருவதைவிடக் குறைவாகத்தான் வந்தது. கூடவே ஒரு சுற்றுநிருபம். இனிக் களஞ்சியங்கள் கேட்பதைப் பார்த்துப் பிரிக்க வேண்டாம். கடந்த மூன்று மாதங்களில் ஒவ்வொன்றும் வழங்கியதின் சராசரியைப் பார்த்துப் பிரியுங்கள். அதிலிருந்து விலகினால் காரணம் எழுதி ஒப்பம் வாங்க வேண்டும். வாசித்தபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. துணியை நீட்டிப் பிடிப்பவர்களுக்கு இது நல்ல பாடம் என்று நினைத்தேன்.

பிரித்து எழுத வேண்டிய நாளில் மகளுக்குக் காய்ச்சல். இரண்டாவது நாள், நூற்றிரண்டு. வீட்டில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த மாமி அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை போன் எடுத்துக்கொண்டிருந்தார். டெங்கு என்ற சொல்லை இருவரும் சொல்லாமல் கதைத்தோம். கணினியில் இன்சுலின் பக்கத்தைத் திறந்தேன். முப்பது, முப்பது, ஆறு. சராசரி இருபத்திரண்டு. தீவு என்பதற்கு எதிரே இருபத்திரண்டு என்று நின்றது.

கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று எழுதினால் எனக்குச் சுகமாக இருக்கும். கவனித்தேன். அந்த ஆறு எப்படி வந்தது என்பதும் பார்த்த உடனேயே விளங்கியது. மருந்து போய்ச் சேராததால் கொடுக்கப்படவில்லை. கொடுக்கப்படாததால் தேவையில்லை என்று கணினி எடுத்துக்கொண்டது. காரணம் எழுதும் கட்டம் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு வரி போதும். ஆனால் இரண்டு மாதங்களுக்கு முன் நான் கையால் திருத்திய ஓர் எண்ணுக்காகக் கணக்காய்வில் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டி வந்திருந்தது. "பிள்ளை, உம்மடை மனசு நல்லது. ஆனா இனிக் கையாலை ஒண்டையும் மாத்தாதேயும்" என்று சொல்லியிருந்தார். அன்று அவர் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். வந்து ஒப்பம் வைக்க ஒன்றரை மணித்தியாலமாவது ஆகும். மாமி மறுபடியும் போன் எடுத்தார்.

என்னிடம் இன்னொரு வழியும் இருந்தது. இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியின் சாவி என் பொறுப்பில். அதில் பத்துக் குப்பிகளை அவசரத்துக்கென்று தனியாக வைத்திருப்போம். ஏதாவது ஒரு களஞ்சியம் போன் எடுத்துக் கேட்டால் அதிலிருந்து அனுப்பலாம். தீவு அண்ணை பெட்டியைத் திறந்ததும் எப்படியும் போன் எடுப்பார், காணாது, இன்னும் வேண்டும் என்பார், எட்டை அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

மகளுக்கு டெங்கு இல்லை. நான்காம் நாள் எழும்பி விளையாடினாள்.

தீவு அண்ணையும் போன் எடுத்தார். "பிள்ளை, பெட்டி வந்திட்டுது. ஐஸ் உருகேல்லை. மகளுக்குக் காய்ச்சலாம், எப்பிடி இப்ப?"

"விட்டிட்டுது அண்ணை." அவர் தொடர்ந்து சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. "இந்த முறை கொஞ்சம் குறைவு. காணுமோ அண்ணை?"

"காணும், காணும். சமாளிக்கலாம்."

எங்கள் ஊர்களில் காணுமோ என்று கேட்டால் இதைத் தவிர வேறு பதில் வராது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் வயிறு நிறையாவிட்டாலும் இலைக்கு மேல் கையை விரித்துக் காணும், காணும் என்றுதான் சொல்வார். பரிமாறத் தெரிந்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே இன்னும் ஒரு அகப்பை போடுவார்கள். எனக்கும் அது தெரியும். இருந்தும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். அது எனக்குத் தேவைப்பட்டது.

மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு மத்தியானம், தீவு அண்ணை களஞ்சிய வாசலில் வந்து நின்றார். காற்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. அவர் முன்னறிவித்தல் இல்லாமல் வருபவர் அல்ல.

"என்ன அண்ணை, ஒரு சொல்லும் சொல்லாமல்?"

"சின்ன ஆளைக் கொண்டந்திருக்கிறம். தகப்பன்ரை வள்ளத்திலை. பெரியாஸ்பத்திரியிலை விட்டிட்டு வாறன்." கதிரையில் இருந்தார். "அவளுக்கு நினைவில்லை பிள்ளை."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"அவளுக்கு ரெண்டையும் முழுசாத்தான் குடுத்தனான்" என்றார். "மற்றச் சனத்திலை கனபேருக்குத்தான் பாதி. தாய்க்காரி அதைப் பாத்துக்கொண்டு நிண்டது. அடுத்த மாசம் இவளுக்கும் இல்லாமல் போயிடும் எண்டு பயந்து, தானாகவே அளவைக் குறைச்சுப் போட்டு மிச்சம் பிடிச்சிருக்குது. அதுக்குள்ளை பிள்ளைக்குச் சளிக்காய்ச்சலும் வந்திட்டுது."

"என்னட்டை ஏன் அண்ணை சொல்லேல்லை? கேட்டனான்தானே."

"நீர் என்ரை எண்ணை ஒருநாளும் வெட்டுறேல்லை. வெட்டியிருக்கிறீர் எண்டால் டவுனிலையே ஒண்டும் இல்லையாக்கும் எண்டு நினைச்சன். உம்மடை பிள்ளைக்கும் காய்ச்சல். பிறகேன் உமக்குக் கரைச்சல் தருவான்."

குளிர்சாதனப் பெட்டி அவருடைய கதிரைக்குப் பின்னால் இரைந்துகொண்டிருந்தது. நான் எழுந்து திறந்தேன். பத்தில் எட்டை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் குப்பிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இருந்ததோ பிள்ளை?"

"ஓம் அண்ணை."

அவர் பெட்டி ஒன்றும் ஐஸும் தரச் சொன்னார். நான் ஐஸ் நிரப்பத் தொடங்கினேன். அவர் வாங்கித் தானே நிரப்பினார்.

மாத முடிவில் எல்லாக் களஞ்சியங்களின் இருப்பையும் பார்த்தபோது வடமராட்சியில் பதினான்கு குப்பி மிஞ்சியிருந்தது. அந்த அண்ணை முன்பு கூட்டிக் கேட்டு, கூட்டி வாங்கி, நோயாளிகளுக்கு முன்கூட்டியே இரண்டு மாதத்துக்குரியதைக் கொடுத்திருக்கிறார். அதனால் அவருடைய சராசரி உயர்ந்து நின்றது. போனில் கேட்டேன்.

"கெட்ட நாளுக்கு வைச்சிருந்தனான் தங்கச்சி" என்றார். அன்று அவர் சிரிக்கவில்லை. "தெரிஞ்சிருந்தால் அனுப்பியிருப்பன். ஆர் எனக்குச் சொன்னது?"

கோபம் வரவில்லை. அவரிடம் பதினான்கு இருந்தது. என்னிடம் பத்து இருந்தது.

பொறுப்பாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அந்தப் பிள்ளையின்ரை ரெண்டும் அதுக்குக் கிடைச்சிருக்குது. நீர் சுற்றுநிருபத்தின்படிதான் செய்தனீர். இதிலை உம்மடை பிழை எங்கை?" என்றார். பெரியாஸ்பத்திரி டொக்டரும் சளிக்காய்ச்சலில் இன்சுலின் தேவை கூடுமென்றும், அளவு குறையாமல் இருந்திருந்தாலும் வருத்தம் வந்திருக்கக்கூடும் என்றும் சொன்னாராம். இரண்டும் உண்மைதான். எட்டுக் குப்பி குறையாமல் போயிருந்தால் மற்றவர்களுக்குப் பாதி கொடுபட்டிருக்காது. தாய் பயந்திருக்க மாட்டாள். அதுவும் உண்மை. சமைக்கும்போதும் மகளுக்குத் தலை வாரி இழுக்கும்போதும் இவற்றை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளை ஐந்தாம் நாள் கண் விழித்தாள். மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதன் பிறகு அவர்கள் தீவுக்குத் திரும்பிப் போகவில்லை. நகரத்திலேயே, குருநகரில், ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். தகப்பன் வேறொருவருடைய வள்ளத்தில் போகத் தொடங்கினார். அவளுடைய இரண்டு குப்பிகளும் நகரக் கணக்குக்கு மாறின.

அடுத்த படிவத்தில் தீவு அண்ணை இன்சுலினுக்கு எதிரே நாற்பத்தைந்து என்று எழுதியிருந்தார். பின்பக்கத்தில் பென்சில் எழுத்து இல்லை. அந்தப் பிள்ளையின் இரண்டு குப்பி குறைந்த பிறகு நாற்பத்தைந்து. போன் எடுத்து, உண்மையில் எத்தனை வேண்டும் என்று கேட்டேன்.

"நீர் வெட்டிப்போட்டு அனுப்புமன்" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. மகள் சுகமா என்றும் கேட்டார்.

பிள்ளையின் தாய் மாதம் ஒருமுறை எங்கள் களஞ்சியத்துக்கு வருவாள். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவளாக இருக்கலாம். இரண்டு குப்பிகளையும் என் கையால் எடுத்துக் கொடுப்பேன். முதல் மாதமே எனக்கு நன்றி சொன்னாள். தீவுக்கு மருந்து பிரித்து அனுப்புபவள் நான் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. "நீங்கள் அனுப்பினனீங்கள், அந்த அண்ணை குறையாமல் தந்தவர். நான்தான் அளவைக் குறைச்சு விசர் வேலை பாத்தனான் மிஸ்" என்றாள். நான் புத்தகத்தில் எழுதுவதுபோலக் குனிந்துகொண்டேன். இரண்டாம் மாதமும் அதையே சொன்னாள். சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், இன்னொரு நாள் சொல்லலாம் என்று விட்டேன். மூன்றாம் மாதம் வரிசையில் யாரும் இல்லை. அப்போதும் விட்டேன்.

நான்காம் மாதம் அவளாகவே சொன்னாள், இப்போது பிள்ளைக்கு ஊசி போடுவது தான் இல்லை என்று.

"அவர்தான் போடுறவர். கடலுக்குப் போற நாளிலை பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுறன். எனக்கு ஊசியைக் கையிலை எடுத்தால் அளவு தெரியுதில்லை மிஸ். ஊசியிலை அளவுக் கோட்டைப் பாக்கிறன், சரியாத்தான் கிடக்கு. ஆனா குறைச்சுப்போட்டன், குறைச்சுப்போட்டன் எண்டு கை ஆடுது. அவள் என்னைப் பாத்துக்கொண்டிருப்பாள். அஞ்சு வருசமா நான் போட்ட ஊசி."

குப்பிகளை மேசையில் வைத்தேன். சொன்னேன். படகு ஓடாத மாதத்தைச் சொன்னேன், ஆறைச் சொன்னேன், இருபத்திரண்டு பிழை என்று எனக்குத் தெரிந்திருந்ததைச் சொன்னேன். இந்தப் பெட்டிக்குள் பத்துக் குப்பி இருந்தது என்று காட்டினேன். என் மகளின் காய்ச்சலைப் பற்றியும் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன்.

அவள் குளிர்சாதனப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்குள்ளையோ?" என்றாள்.

"ஓம்."

"நாலு மாசமா நான் வந்து உங்களுக்கு நன்றி சொல்லியிட்டுப் போறன்."

அவள் பெட்டியிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப ஏன் சொல்லுறியள்? உங்கடை பாரம் இறங்கட்டும் எண்டோ?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது என்றுதான் நினைத்தேன். உங்கள் கை ஆடுகிறது என்று சொன்னீர்களே, அதற்காக என்று. ஆனால் அவள் கேட்டதும் உண்மையாக இருக்கலாம் என்று தோன்றியது. அவள் இரண்டு குப்பிகளையும் எடுத்து, மூடியைத் தடவிப் பார்த்து, பைக்குள் இருந்த ஐஸ் சுற்றிய துவாயில் வைத்தாள். போய்விட்டாள்.

அடுத்த மாதம் தகப்பன் வந்தார். மெலிந்த மனிதர், அதிகம் கதைக்காதவர். புத்தகத்தில் ஒப்பம் வைத்தார். பிள்ளை எப்படி என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடம் போறாள்."

இன்னும் ஒன்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்டேன். "ஊசி ஆர் போடுறது?"

"தாய்தான். போன மாசம் இஞ்சை வந்திட்டுப் போன கையோடை திரும்பத் தொடங்கியிட்டா" என்றார். "நான் போடுறன் எண்டாலும் விடுறா இல்லை."

"அவ வரேல்லையோ?"

அவர் குப்பிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், தெளிந்தது ஒன்று, கலங்கியது ஒன்று. "இனி நான்தான் வருவன் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.